மோசின் மேலே சுடுதா? அரத்தைக் கீழே வைங்க

(ஒலிப்பதிவிலிருந்து சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்)

இந்த எபிசோட் ஒரு நேயர் அனுப்பின கேள்வியிலிருந்து கிளம்பினது. அவர் கனடாவில், டொராண்டோ பக்கம் இருக்கார். முறையா லைசென்ஸ் எடுத்து, ஒரு பழைய சோவியத் ராணுவ ரைஃபிள் வாங்கியிருக்கார். மாடல் பேர் மோசின்-நகாண்ட் 91/30. ஷூட்டிங் ரேஞ்சுல 100 மீட்டர் தூரத்துல பேப்பர் டார்கெட் வச்சு சுட்டுப் பார்த்திருக்கார். பின்பக்க சைட்டை 100 மீட்டருக்குத்தான் வச்சிருக்கார். ஆனா குண்டெல்லாம் குறிவச்ச இடத்துக்கு 12 சென்டிமீட்டர் மேலயும், 8 சென்டிமீட்டர் வலதுபக்கமும் தள்ளி விழுது.

பக்கத்துல சுட்டுக்கிட்டிருந்த ஒருத்தர், "முன்னாடி இருக்கிற முள்ளை அரத்தால லேசா ராவிடுங்க, குண்டு கீழ இறங்கிடும்"னு சொல்லியிருக்கார். நம்ம ஆள் அரமும் வாங்கி வச்சுட்டார். சனிக்கிழமை ஆரம்பிக்கலாமான்னு கேக்கறார்.

பதிலை முதல்லயே சொல்லிடறேன். அரத்தைக் கீழ வைங்கண்ணா. ராவினா குண்டு கீழ இறங்காது, இன்னும் மேல ஏறும். ராவின இரும்பு திரும்ப வளரவும் வளராது.

இதைக் கேட்டுட்டிருக்கிற பெரும்பாலானவங்க ராணுவ ரைஃபிளைத் தொடப் போறதில்ல. காலேஜ்ல என்.சி.சி.யில இருந்தவங்க .22 ரைஃபிள்ல ஒருநாள் சுட்டிருப்பீங்க, அவ்வளவுதான். ஆனாலும் இதுக்கு ஒரு முழு எபிசோட் ஒதுக்கினதுக்குக் காரணம் இருக்கு. இது ஒரு சுத்தமான காலிப்ரேஷன் பிரச்சனை. ஒரு சிஸ்டம் "தப்பான" விடை தருதுன்னு புகார் வந்தா, சாஃப்ட்வேர்ல நாங்க கோடைத் திறக்கிறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேட்டாகணும்: இது என்ன செய்யணும்னு அமைச்சாங்க? அந்தக் கேள்வியைத் தாண்டிக் குதிச்சு நேரா கோடுல கை வச்சா என்ன ஆகும்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். கோடுக்காவது கிட் இருக்கு, பழைய வெர்ஷனுக்குத் திரும்பலாம். இரும்புக்கு அது கிடையாது.

ஆளைத் தெரிஞ்சுக்குவோம்

ரஷ்ய ராணுவம் இந்த ரைஃபிளை 1891-ல ஏத்துக்கிட்டது. செர்கெய் மோசின்ங்கிற ரஷ்ய அதிகாரியோட டிசைன், கூட லியோன் நகாண்ட்ங்கிற பெல்ஜியக்காரரோட சில யோசனைகள். ரஷ்யாவில் இதை "மூணு கோடு ரைஃபிள்"னு சொல்வாங்க. அங்க பழைய அளவுமுறையில ஒரு அங்குலத்தில் பத்தில் ஒரு பங்குக்கு "கோடு"ன்னு பேர். மூணு கோடுன்னா 7.62 மில்லிமீட்டர். அதுதான் குழலோட விட்டம்.

1930-ல இதைப் புதுப்பிச்சாங்க. 91/30-ங்கிற பேர் அப்படி வந்ததுதான். அப்போ மாறின முக்கியமான விஷயங்கள்ல ஒண்ணு சைட். அதுக்கு முன்னாடி பின்பக்க சைட்ல இருந்த தூர எண்கள் மீட்டர்ல இல்ல, அர்ஷின்ங்கிற ரஷ்ய அளவுல இருந்தது. ஒரு அர்ஷின்னா 71.12 சென்டிமீட்டர். அதாவது பழைய சைட்ல "400"-ன்னா 284 மீட்டர்தான். புதுசுல 400-ன்னா 400 மீட்டரே. 1999-ல நாசாவோட மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் அலகுக் குழப்பத்தால செவ்வாய்கிட்ட தொலைஞ்சுபோன கதை ஞாபகம் வருதா? எண்ணுக்குப் பக்கத்துல அலகு எழுதாத பிரச்சனை அவ்வளவு பழசு.

இன்னொரு மாற்றம், முன்பக்க சைட். முன்னாடி அது தகடு மாதிரி நின்னுச்சு. 1930-ல அதை ஒரு மெல்லிய முள்ளா ஆக்கி, அடிபடாம இருக்க அதைச் சுத்தி ஒரு வளையம் போட்டாங்க.

இரண்டாம் உலகப்போர் சமயத்துல துலா, இஷெவ்ஸ்க் தொழிற்சாலைகள் இதைச் செஞ்சு தள்ளின. எல்லா மாடலையும் சேர்த்தா கணக்கு கோடிகள்ல போகும். போர் முடிஞ்சதும் இவற்றை ராணுவப் பட்டறைகளுக்குக் கொண்டுபோய் பழுதுபார்த்து, கிரீஸ் பூசி, மரப்பெட்டியில அடுக்கி வச்சாங்க. சோவியத் யூனியன் உடைஞ்ச பிறகு அந்தப் பெட்டிகள் அமெரிக்கா, கனடா சந்தைக்கு மலிவா வந்து சேர்ந்தது. ராணுவ உபரின்னு சொல்றது இதைத்தான்.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு. அந்தப் பட்டறைகள்ல ஒரு ரைஃபிளோட பாகத்தை இன்னொண்ணுல மாட்டறது சகஜம். பயனெட், அதாவது முனையில மாட்டுற ஈட்டிக் கத்தி, வேற ரைஃபிளோடதா இருக்கும். அதுல இருக்கிற எண்ணை அடிச்சு மாத்தி, பொருத்தமான ஜோடின்னு ஆக்கியிருப்பாங்க. அதனால நம்ம நேயர் கையில இருக்கிற ரைஃபிள் கடைசியா எப்போ, எந்தப் பயனெட்டோட சரிபார்க்கப்பட்டதுன்னு அந்த ரைஃபிளுக்கே தெரியாது.

ஏன் ராவினா மேல போகும்?

சைட்ங்கிறது ரெண்டு புள்ளி. கண்ணுக்குப் பக்கத்துல பின்பக்க சைட், ஒரு வெட்டு மாதிரி பள்ளம். குழல் முனையில முன்பக்க சைட், அந்த முள். முள்ளோட உச்சியைப் பள்ளத்தோட நடுவுல, அதோட விளிம்புக்குச் சமமா நிறுத்தி, அந்த உச்சியை டார்கெட்ல வைக்கணும். மூணும் ஒரே கோட்டுல வந்தா குறி வச்சாச்சு.

இப்போ முன்பக்க முள்ளை உயரமாக்கிட்டோம்னு வைங்க. அதோட உச்சி பள்ளத்துக்கு மேல துருத்திக்கிட்டு நிக்கும். மறுபடி கோட்டுக்குக் கொண்டுவர நீங்க என்ன பண்ணுவீங்க? குழல் முனையைக் கீழ இறக்குவீங்க. முனை கீழ இறங்கினா குண்டு கீழ போகும். முள்ளைக் குட்டையாக்கினா இதுக்கு நேர் எதிர். உச்சி பள்ளத்துக்குள்ள மறையும், நீங்க முனையைத் தூக்குவீங்க, குண்டு மேல ஏறும்.

பக்கவாட்டுக்கும் இதே கதைதான். முள்ளை வலதுபக்கம் நகர்த்தினா, அதைக் கோட்டுக்குக் கொண்டுவர முனையை இடதுபக்கம் திருப்புவீங்க. குண்டு இடதுபக்கம் போகும்.

மனப்பாடம் பண்ண ஒரே வரி போதும். முன்பக்க சைட்டைக் குண்டு தப்பின பக்கமே நகர்த்து, பின்பக்க சைட்டை அதுக்கு எதிர்ப்பக்கம் நகர்த்து. குண்டு வலதுபக்கம் போனா முள்ளை வலதுபக்கம் தள்ளணும். குண்டு மேல போனா முள்ளை மேல ஏத்தணும், அதாவது உயரமாக்கணும்.

அரம் முள்ளைக் குட்டையாக்க மட்டும்தான் முடியும். அதனால அரத்தால வர்ற பலன் ஒண்ணே ஒண்ணு: குண்டு மேல ஏறும். கீழ சுடுற ரைஃபிளுக்கு அது பொருத்தமான கருவி. நம்ம நேயரோட ரைஃபிள் ஏற்கெனவே மேல சுடுது. பக்கத்துல நின்னவர் நல்ல எண்ணத்துலதான் சொல்லியிருப்பார், ஆனா கணக்குல பிளஸ் மைனஸ் மாறிப்போச்சு.

622-ங்கிற நம்பர்

எந்தப் பக்கம்னு தெரிஞ்சாச்சு. எவ்வளவு நகர்த்தணும்? இதுக்குப் பத்தாம் வகுப்பு ஜியோமெட்ரி போதும், வடிவொத்த முக்கோணங்கள்.

91/30-ல பின்பக்க சைட்டுக்கும் முன்பக்க சைட்டுக்கும் நடுவுல 622 மில்லிமீட்டர். டார்கெட் 100 மீட்டர், அதாவது 1,00,000 மில்லிமீட்டர். முள் 1 மில்லிமீட்டர் நகர்ந்தா டார்கெட்ல எவ்வளவு நகரும்? 1,00,000-ஐ 622-ஆல வகுத்தா சுமார் 161. அதாவது 16 சென்டிமீட்டர். முனையில ஒரு மில்லிமீட்டர், டார்கெட்ல ஒரு சாண் கிட்ட.

நம்ம நேயர் கணக்குக்கு வருவோம். வலதுபக்கம் 8 சென்டிமீட்டர் தப்பு. 8-ஐ 16-ஆல வகுத்தா அரை மில்லிமீட்டர். மேல 12 சென்டிமீட்டர் தப்பு. 12-ஐ 16-ஆல வகுத்தா முக்கால் மில்லிமீட்டர். உங்க பர்ஸ்ல இருக்கிற ஏ.டி.எம். கார்டை எடுத்து அதோட தடிமனைப் பாருங்க. கிட்டத்தட்ட அவ்வளவுதான். மொத்தப் பிரச்சனையும் ஒரு கார்டு தடிமன்.

இதுல ரெண்டு விஷயம் புரியும். ஒண்ணு, கண்ணால பார்த்து "லேசா" ராவறதுங்கிற அளவே இந்த வேலையில கிடையாது. வெர்னியர் காலிப்பர் இல்லாம இதுல இறங்கக் கூடாது. ரெண்டு, தூரம் மாறினா கணக்கும் மாறும். ரேஞ்ச் 100 கெஜம்னா அது 91.44 மீட்டர்தான். அங்க ஒரு மில்லிமீட்டருக்கு 14.7 சென்டிமீட்டர் வரும். மறுபடியும் அலகு!

குரூப் முதல்ல, குறி அப்புறம்

என்.சி.சி. ரேஞ்சுல முதல்ல என்ன பண்ணச் சொல்வாங்க? குரூப்பிங். குண்டு டார்கெட்டோட நடுவுல படுதா இல்லையான்னு கவலைப்படாதே, எல்லாம் பக்கத்துல பக்கத்துல படுதான்னு மட்டும் பாரு. அது வெறும் பயிற்சிச் சடங்கு இல்ல, புள்ளியியல்.

சிதறல் ஒரு பிரச்சனை, இடப்பெயர்ச்சி வேற பிரச்சனை. குண்டுகள் டார்கெட் முழுக்கச் சிதறினா சைட்டைத் தொட்டுப் பிரயோஜனமே இல்ல. குழல் முனை தேய்ஞ்சிருக்கலாம், ஸ்க்ரூ லூசா இருக்கலாம், குண்டு சரியில்லாம இருக்கலாம், சுடுறவர் விசையைச் சட்டுன்னு இழுத்திருக்கலாம். குண்டெல்லாம் ஒரே இடத்துல சேர்ந்து விழுந்து, அந்த இடம் மட்டும் தள்ளிப் போயிருந்தா அப்போதான் சைட்டோட வேலை.

சோவியத் ராணுவத்துல இதுக்கு அழகான ஒரு முறை இருந்தது. 100 மீட்டர்ல, படுத்துக்கிட்டு, நல்லா சுடத் தெரிஞ்ச ஒருத்தர் 4 குண்டு சுடுவார். நாலும், இல்லன்னா குறைஞ்சது மூணாவது, 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள்ள அடங்கணும். அடங்கலைன்னா மறுபடி சுடணும். திரும்பவும் அடங்கலைன்னா சைட்டை நகர்த்த மாட்டாங்க, ரைஃபிளைப் பட்டறைக்கு அனுப்புவாங்க.

அடங்கினா, நாலு ஓட்டைக்கும் நடுப்புள்ளியைக் கண்டுபிடிக்கணும். போர்முனையில கால்குலேட்டர் ஏது? ஒரு அடிக்குச்சி, ஒரு பென்சில். முதல் ரெண்டு ஓட்டையைக் கோடு போட்டு இணைச்சு நடுவுல ஒரு புள்ளி வைங்க. அந்தப் புள்ளியையும் மூணாவது ஓட்டையையும் இணைச்சு, கோட்டை மூணு சமபாகமாப் பிரிச்சு, முதல் ரெண்டு ஓட்டைப் பக்கம் இருக்கிற புள்ளியை எடுங்க. அதை நாலாவது ஓட்டையோட இணைச்சு நாலு பாகமாப் பிரிச்சு, நாலாவது ஓட்டையிலிருந்து தள்ளி இருக்கிற புள்ளியை எடுங்க. முடிஞ்சது.

டேட்டா வேலை பண்றவங்க இப்போ சிரிச்சிருப்பீங்க. இது ரன்னிங் ஆவரேஜ். புது மதிப்பு வரும்போது, பழைய சராசரியிலிருந்து அதை நோக்கி எண்ணிக்கையில ஒரு பங்கு மட்டும் நகரு. ஸ்ட்ரீமிங் டேட்டாவுக்கு நாம எழுதற அதே ஃபார்முலா, பென்சில்ல.

ஆனா நாலு குண்டு ராணுவத்துக்குப் போதும், அவங்களுக்கு நேரம் கிடையாது. நம்ம நேயருக்கு நேரம் இருக்கு. சராசரியோட நிச்சயமின்மை எண்ணிக்கையோட வர்க்கமூலத்துல குறையும். ஒவ்வொரு குண்டும் சராசரியா 4 சென்டிமீட்டர் சிதறுதுன்னா, 4 குண்டோட நடுப்புள்ளியில 2 சென்டிமீட்டர் சந்தேகம் இருக்கும். 16 குண்டு சுட்டா அது 1 சென்டிமீட்டராகும். மூணு குண்டைச் சுட்டுட்டு சைட்டை நகர்த்தறது, அப்புறம் இன்னும் மூணு சுட்டுட்டு மறுபடி நகர்த்தறதுன்னு இருந்தா, நீங்க சத்தத்தைத் துரத்திக்கிட்டு இருக்கீங்கன்னு அர்த்தம்.

அந்த 12 சென்டிமீட்டர் உண்மையிலேயே தப்பா?

இந்த எபிசோடோட மையம் இதுதான். ரைஃபிள் மேல சுடுதுன்னு சொல்றோம். எதோட ஒப்பிட்டு?

முதல் சந்தேகம், தூர அமைப்பு. இந்த ரைஃபிளை பேப்பர்ல ஓட்டை போடறதுக்குச் செய்யல. பயந்துபோன, தூக்கமில்லாத, பதினெட்டு பத்தொன்பது வயசுப் பையன் கையில கொடுக்கறதுக்குச் செஞ்சது. எதிர்ல வர்ற ஆள் 120 மீட்டர்ல இருக்கானா 260 மீட்டர்ல இருக்கானான்னு அவன் அளந்துக்கிட்டு இருக்க முடியாது. அதனால சைட்டை 3-ல வச்சுட்டு, இடுப்பு பெல்ட்டைப் பார்த்துச் சுடுன்னா, 300 மீட்டர் வரைக்கும் எங்க இருந்தாலும் குண்டு உடம்புல எங்கயாவது படணும். கேக்கறதுக்குக் கொடூரமா இருக்கு. ஆனா அந்த மெஷினோட ரிக்வயர்மென்ட் அதுதான். அதை மறைச்சுட்டு சைட்டைப் பத்திப் பேச முடியாது.

தோராயமா ஒரு கணக்கு போடலாம். குண்டு குழலை விட்டுக் கிளம்பும்போது வேகம் நொடிக்குச் சுமார் 865 மீட்டர். 300 மீட்டர் போக 0.4 நொடி ஆகும். அந்த நேரத்துல புவியீர்ப்பு அதைச் சுமார் 78 சென்டிமீட்டர் கீழ இழுக்கும். அதை ஈடுகட்ட குழலை அந்த அளவுக்கு மேல்நோக்கி வைக்கணும். அப்படி வச்சா 100 மீட்டர்ல குழலோட திசை 26 சென்டிமீட்டர் மேல இருக்கும், குண்டு 7 சென்டிமீட்டர்தான் விழுந்திருக்கும். சைட் குழலுக்குக் கொஞ்சம் மேல இருக்கிறதையும் கழிச்சா, 100 மீட்டர்ல குண்டு 17, 18 சென்டிமீட்டர் மேல படும். அதாவது சைட் 3-ல இருந்து, 100 மீட்டர்ல ஒரு சாண் மேல சுடுற மோசின் பழுதான மோசின் இல்ல. சொன்னதைச் சரியாச் செய்யற மோசின்.

நம்ம நேயர் ஃபோட்டோ அனுப்பியிருக்கார், அவரோட ஸ்லைடர் 1-லதான் இருக்கு. அதனால இந்தக் காரணம் அவருக்கு இல்ல. ஆனா இதே கேள்வி கேக்கற பலருக்கும் பதில் இங்கயே முடிஞ்சுடும். எதையும் தொடறதுக்கு முன்னாடி ஸ்லைடரைப் பாருங்க.

ரெண்டாவது சந்தேகம், பயனெட். சோவியத் காலாட்படையில இந்தப் பயனெட்டுக்கு உறையே கிடையாது. எப்பவும் ரைஃபிள் முனையிலயே மாட்டியிருக்கும். அதனால சைட்டைச் சரிபார்க்கும்போதும் அதை மாட்டியேதான் சுட்டாங்க. பயனெட் இல்லாம ரைஃபிள் நீளம் 1,232 மில்லிமீட்டர், மாட்டினா 1,660. அதாவது முனையில 43 சென்டிமீட்டர் இரும்பு கூடுதலாத் தொங்குது, அதுவும் குழலோட பக்கவாட்டுல. குண்டு வெடிக்கிற கணத்துல குழல் ஒரு கம்பி மாதிரி அதிரும். அதோட நுனியில எடையைச் சேர்த்தாலோ எடுத்தாலோ அதிர்வு மாறும், குண்டு வெளியேறுற கணத்துல முனை பார்க்கிற திசையும் மாறும். எந்தப் பக்கம், எவ்வளவுங்கிறது ஒவ்வொரு ரைஃபிளுக்கும் வேற.

நம்ம நேயர் பயனெட் மாட்டாமத்தான் சுட்டிருக்கார். அப்போ அவர் ஒரு சிஸ்டத்தை அதோட பாதி ஹார்டுவேர் இல்லாம டெஸ்ட் பண்ணியிருக்கார். ரேஞ்சுல அனுமதிச்சா மாட்டிக்கிட்டு ஒரு குரூப் சுட்டுப் பாருங்க. கருவி எதுவும் வேண்டாம், எதையும் கெடுக்காத பரிசோதனை.

மூணாவது சந்தேகம், குண்டு. 91/30 சைட்ல இருக்கிற எண்கள் 9.6 கிராம் எடையுள்ள லேசான குண்டுக்காகக் கணக்குப் போட்டவை. இன்னைக்குக் கடையில கிடைக்கிற வேட்டைக் குண்டு பல நேரம் 11.7 கிராம் இருக்கும். எடை வேற, வேகம் வேற, அதிர்வு வேற. ஒரே பெட்டியிலிருந்து எடுத்த ஒரே வகைக் குண்டை வச்சுத்தான் முடிவு பண்ணணும்.

இந்த மூணையும் பார்த்த பிறகுதான் அசல் கேள்வி. உங்களுக்கு என்ன வேணும்? 100 மீட்டர், பேப்பர், பயனெட் கிடையாது, கடையில கிடைக்கிற இந்தக் குண்டு. அப்படின்னா ரைஃபிள் தப்பா இல்ல, ரிக்வயர்மென்ட் மாறியிருக்கு. புது ரிக்வயர்மென்டுக்குத் தாராளமா சைட்டை மாத்தலாம். திரும்பப் பழைய நிலைக்குப் போக வழி வச்சுட்டு மாத்தணும்.

செய்யற வரிசை

ஒண்ணு. பழைய ரைஃபிளைச் சுடறதுக்கு முன்னாடி ஒரு துப்பாக்கி மெக்கானிக்கிட்ட காட்டுங்க. தோட்டா உட்கார்ற இடமும் போல்ட்டும் சரியாப் பொருந்துதான்னு அவர் கருவி வச்சுப் பார்ப்பார். பல பாகங்களைக் கலந்து மாட்டின ரைஃபிள்ங்கிறதை மறக்காதீங்க. ரேஞ்சுல காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு எப்பவும் வேணும். சைட்ல கை வைக்கும்போது உள்ள தோட்டா இல்லைன்னு உறுதிப்படுத்தி, போல்ட்டை வெளிய எடுத்து வச்சுடுங்க.

ரெண்டு. மரத்தையும் இரும்பையும் இணைக்கிற ரெண்டு ஸ்க்ரூவும் இறுக்கமா இருக்கான்னு பாருங்க. குழலைச் சுத்தம் பண்ணுங்க. முனையோட விளிம்பைப் பாருங்க. காலங்காலமா துடைப்புக் கம்பி உரசி விளிம்பு தேய்ஞ்சிருந்தா, பட்டறையில முனையை உள்பக்கமாக் கொஞ்சம் குடைஞ்சு சரிபண்ணியிருப்பாங்க. அது குறையில்ல, ரிப்பேர்.

மூணு. மேசையில தாங்கல் வச்சு, ஒரே வகைக் குண்டு பத்தாவது சுடுங்க. நடுவுல நடுவுல குழல் ஆற விடுங்க. சூடான குழல் குண்டை வேற இடத்துல போடும். நடுப்புள்ளியைக் கண்டுபிடிச்சு மேல, பக்கம் ரெண்டையும் தனித்தனியா அளந்து எழுதுங்க.

நாலு. முதல்ல பக்கவாட்டு. முன்பக்க சைட் ஒரு சாய்வான பள்ளத்துல குறுக்கா இறுக்கமாச் செருகியிருக்கும். சைட்லயும் அதோட அடிப்பகுதியிலயும் சேர்த்துப் போட்ட ஒரு சின்ன வெட்டுக்கோடு தெரியலாம். சோவியத் பட்டறைக்காரர் சரிபார்த்து முடிச்சதும் போட்ட அடையாளம் அது. அதை ஃபோட்டோ எடுத்துக்குங்க. அதுதான் உங்க பழைய வெர்ஷன். அப்புறம் இந்த வேலைக்குன்னே விக்கிற ஸ்க்ரூ வச்ச தள்ளுங்கருவியால, குண்டு தப்பின பக்கமே, வலதுபக்கம் அரை மில்லிமீட்டர் தள்ளுங்க. கருவி இல்லன்னா பித்தளைத் துண்டை வச்சு மெல்லத் தட்டலாம், ஆனா அரை மில்லிமீட்டரைச் சுத்தியலால கட்டுப்படுத்தறது கஷ்டம். தள்ளினதும் மறுபடி ஒரு குரூப் சுட்டுப் பாருங்க.

அஞ்சு. அடுத்தது உயரம். முள்ளை உயரமாக்கணும், முக்கால் மில்லிமீட்டர். இதுக்கு மோசின் வச்சிருக்கிறவங்க நடுவுல பிரபலமான ஒரு எளிய வழி இருக்கு. ஒரு மின்சார வயரோட மேலுறையைச் சின்னத் துண்டா வெட்டி, குல்லா மாதிரி முள்ளு மேல மாட்டறது. தேவைக்கு மேலயே உயரமா விடுங்க. அப்போ குண்டு கீழ படும். இப்போ பிளேடை எடுத்து அந்த உறையைக் கொஞ்சம் கொஞ்சமா வெட்டுங்க. ஒவ்வொரு வெட்டுக்கும் குண்டு மேல ஏறி வரும். சரியான இடத்துக்கு வந்ததும் நிறுத்திடுங்க. அதிகமா வெட்டிட்டீங்களா? வேற வயர் துண்டு. செலவு ஒண்ணுமில்ல.

பார்த்தீங்களா, வெட்டிச் சரிபண்ற அதே வேலைதான். ஆனா வெட்டுப்படறது வயர், எண்பது வருஷத்து முள் இல்ல. எப்போ வேணும்னாலும் உருவிப் போட்டா ரைஃபிள் பழைய நிலைக்கு வந்துடும்.

ஆறு. பழைய சோவியத் தோட்டாக்களைச் சுட்டிருந்தா, அன்னைக்கே குழலைத் தண்ணியால கழுவித் துடைச்சு எண்ணெய் போடுங்க. அதோட பிரைமர்ல இருக்கிற உப்பு உள்ளயே தங்கினா துரு பிடிக்கும். வெறும் எண்ணெய் உப்பைக் கரைக்காது.

மத்தவங்க என்ன பண்ணாங்க?

நம்ம ஊர்ல போலீஸ் கையில பார்த்த "த்ரீ நாட் த்ரீ", அதாவது லீ-என்ஃபீல்ட், இதே பிரச்சனையை வேற மாதிரி தீர்த்தது. மேற்கு வங்கத்துல இஷாப்பூர் தொழிற்சாலையில பல காலம் செஞ்ச ரைஃபிள் அது. அதோட முன்பக்கத் தகடு பல உயரங்கள்ல வரும். ஒவ்வொரு படிக்கும் 0.015 அங்குலம், அதாவது 0.38 மில்லிமீட்டர் வித்தியாசம். சரிபண்றவர் ராவ மாட்டார், அடுத்த அளவு தகட்டை எடுத்து மாட்டுவார். ஒரு கான்ஃபிக் ஃபைலை மாத்தற மாதிரி.

ஃபின்லாந்துக்காரங்க ரஷ்ய மோசினையே எடுத்து மேம்படுத்தினாங்க. அவங்களோட எம்/28-30, எம்/39 மாடல்கள்ல முன்பக்க சைட்டைப் பக்கவாட்டுல நகர்த்த எதிரெதிரா ரெண்டு ஸ்க்ரூ இருக்கு. ஒண்ணை லூசாக்கி இன்னொண்ணை இறுக்கினா போதும். 1939-40 குளிர்காலப் போர்ல சிமோ ஹாய்ஹா பயன்படுத்தினது எம்/28-30 தான், டெலஸ்கோப் இல்லாம வெறும் இரும்பு சைட்.

சோவியத் டிசைன்ல ஸ்க்ரூவும் இல்ல, தகட்டு செட்டும் இல்ல. காரணம் ஊகிக்கக் கஷ்டமே இல்ல. பட்டறையில ஒரு தடவை சரிபண்ணிக் கோடு கிழிச்சா அப்புறம் சிப்பாய் அதைத் தொடக் கூடாது. யூசர் தொடக் கூடாத செட்டிங்கை யூ.ஐ.யில வைக்கல. இன்னைக்கு அதோட யூசர் மாறிட்டார், வேலையும் மாறிடுச்சு. அதனாலதான் வயர் துண்டு.

நேயருக்கு ஒரு சின்ன லிஸ்ட் சொல்லி முடிக்கிறேன். சனிக்கிழமை ரேஞ்சுக்குப் போகும்போது காலிப்பர், பென்சில், அடிக்குச்சி, அஞ்சாறு டார்கெட் தாள், ஒரே பெட்டிக் குண்டு, ஒரு முழம் வயர் எடுத்துட்டுப் போங்க. அனுமதி இருந்தா பயனெட்டும். அரம் வீட்லயே இருக்கட்டும். பத்துப் பத்துக் குண்டா ரெண்டு குரூப் சுட்டு, தாளை ஃபோட்டோ எடுத்து அனுப்புங்கண்ணா, நடுப்புள்ளியை நானும் போட்டுப் பார்க்கறேன்.